பரிசோதிக்கப்பட்ட நால்வர்

செய்தித்தாளில் மொத்தம் ஆறு வரி. சாத்தாங்காட்டில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலிருந்து போன சரக்கில் கதிரியக்கப் பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாம். அது பாதுகாப்பாக அகற்றப்பட்டதாம். கிடங்கின் பணியாளர்கள் நால்வரும் பரிசோதிக்கப்பட்டார்களாம். நால்வரும் நலமாம். பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லையாம்.

அந்த நால்வர் யாரென்று சொல்கிறேன். கண்ணாடி அறைக்குள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பில் போடுகிறவர் ஒருவர். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் ஒருவர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒருவர். நான்காவது, மேஸ்திரி சுப்புராஜ். நலமாக இல்லாமல் என்ன? நாலு பேரில் ஒருவர்கூட அந்தப் பொருளைக் கையால் தொட்டதில்லை. தொட்டவர்கள் பதினொரு பெண்கள். குவியலுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, இரும்பு தனி, பித்தளை தனி, எவர்சில்வர் தனி என்று காலையிலிருந்து மாலைவரை பிரிக்கிறவர்கள். அவர்கள் பெயர் கிடங்கின் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவளை எப்படிப் பரிசோதிப்பது?

அந்தப் பதினொருவரில் ஒருத்தி அடைக்கலமேரி. என் பெரியம்மா மகள். நான் வெளிநாட்டில் இருக்கிறேன். இதெல்லாம் அவள் தொலைபேசியில் திட்டித் திட்டிச் சொன்னது. திட்டாமல் அவளுக்கு எதையும் சொல்லத் தெரியாது.

ராயபுரத்தில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். புருஷன் மீன்பிடிப் படகில் அந்தமான் போனான், போன இடத்திலேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். "கடலு எட்த்துகினு பூட்ச்சின்னா ஒரு மெழுகுவத்தியாவது ஏத்தலாம். இவன எவளோ எட்த்துகினு பூட்டா, இதுக்கு இன்னாத்த ஏத்துறது?" என்பாள். கைக்குழந்தை ஷைனியைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு சாத்தாங்காட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. இப்போது நாற்பத்தாறு. ஷைனி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். தாயும் மகளும் திருவொற்றியூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

பத்தொன்பது வருடத்தில் அக்காவின் கை ஒரு தராசாகிவிட்டது. ஒரு துண்டை எடுத்து இரண்டு தடவை உள்ளங்கையில் தூக்கிப்போட்டுப் பிடிப்பாள். "இது நல்ல எவர்சில்வரு. இது கலப்படம். இது சொம்மா முலாம்." காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் அவளுக்குப் பின்னால்தான் வருவார்கள். ஆனால் கைக்கும் ஓர் அளவுகோல் வேண்டுமே. அதற்காகப் பிரிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள். சந்தேகமில்லாத, நல்ல உலோகத்தில் ஒரு சின்னத் துண்டு. அதை இடது கையிலும் புதுத் துண்டை வலது கையிலும் பிடித்துக் கனம் பார்ப்பது, அரத்தால் இரண்டிலும் ஒரு கோடு இழுத்து நிறம் பார்ப்பது, ஒன்றால் ஒன்றைத் தட்டிச் சத்தம் கேட்பது. மாதிரியை யாரும் தரையில் வைக்க மாட்டார்கள், குவியலில் கலந்துவிடும். இடுப்பில் சுருக்குப்பையில்தான் இருக்கும். நல்ல மாதிரி கிடைத்தால் பக்கத்தில் இருப்பவளுக்குக் கடன் கொடுப்பதும் உண்டு.

ஜனவரியில் ஒரு கன்டெய்னர் வந்தது. எந்த நாட்டிலிருந்து என்று கேட்டால் இன்றுவரை யாரிடமும் பதிலில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலையை உடைத்த குப்பை. குழாய்கள், வால்வுகள், தகடுகள். அதில் அக்காவுக்குச் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உருளை கிடைத்தது. இரண்டு முனையும் வழுவழுவென்று பற்றவைத்து மூடியிருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் எண்கள். ஒரு பொட்டு துரு இல்லை. காந்தம் ஒட்டவில்லை. அவள் பத்தொன்பது வருடத்தில் பார்த்த துண்டுகளிலேயே சுத்தமானது.

"இத்தப் பாருமே," என்று பக்கத்தில் இருந்த தங்கபுஷ்பத்திடம் காட்டினாள்.

"அய்ய, இன்னா பளபளப்பு! உன் மூஞ்சி தெரியுது மேரி. தூக்கிப் போடு, பயமா கீது."

"மூஞ்சியா பயமா கீது?"

"பின்ன? துண்டா?"

அன்றிலிருந்து அதுதான் அக்காவின் மாதிரி. வலது இடுப்பில் பதினொரு நாள். எல்லாரும் கேட்டு வாங்கினார்கள். "மேரிக்கா, உன் மாதிரியக் குடு." அதிகம் வாங்கியவள் தங்கபுஷ்பம். வாங்கினால் அரை நாள் திருப்பித் தரமாட்டாள். சில்லென்று இருக்கிறதென்று கழுத்தில் வைத்துக்கொள்வாள், முதுகு சொறிவாள். பதினொரு பேரும் அதைப் பிடித்திருக்கிறார்கள். ஓர் எச்சரிக்கைச் சொல், ஒரு மஞ்சள் முத்திரை, ஒரு மண்டையோட்டுப் படம், எதுவும் அவர்கள் கண்ணுக்கு வரவில்லை. அதெல்லாம் இருந்த வெளிக்கூட்டை எந்த நாட்டிலோ எவனோ கழற்றி எறிந்துவிட்டு, உள்ளிருந்ததை மட்டும் நமக்கு அனுப்பியிருக்கிறான். நம் துறைமுகத்தில் கதிர் அளக்கிற கருவி என்ன செய்துகொண்டிருந்தது? சொல்ல யாரும் இல்லை.

எட்டாம் நாள் இடுப்பில் அரிப்பு. பத்தாம் நாள் சிவந்து வீங்கியது. பை உராய்கிறது என்று நினைத்து, பன்னிரண்டாம் நாள் மாதிரியை எவர்சில்வர் கூடையில் போட்டுவிட்டாள். கூடை லாரியில் ஏறி ஓர் உருக்காலைக்குப் போனது. அங்கே கேட்டில் கதிர் அளக்கும் கருவியின் மணி அலறியது.

மறுநாள் விடியும்போதே சுப்புராஜ் ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னைக்கு வராண்டாம் தாயி. பெரிய ஆபீசருவ வாராவ. நாளைக்கும் வராண்டாம். நான் சொல்லுதேன்." தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முப்பது வருடம் முன்னால் வந்தவர். கெட்டவர் என்று அக்காகூடச் சொல்வதில்லை. முதலாளி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர். அப்படிப்பட்டவர்கள் செய்கிற கெடுதல் தனி.

வெள்ளை உடுப்பு போட்டவர்கள் வந்தார்கள். அளந்தார்கள். அங்கே இருந்த நாலு பேருக்கு ரத்தம் எடுத்தார்கள். போனார்கள்.

அக்காவின் இடுப்பில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. சுப்புராஜே ஆட்டோ வைத்து மணலி புதுநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வாசலில் நிறுத்திப் பேசினார்.

"மேரி, உள்ள போயி வெந்நீ கொட்டிட்டுன்னு சொல்லு."

"இன்னாத்துக்கு?"

"துண்டுன்னு சொன்னா கிடங்க சீல் வச்சுருவானுவ. பதினோரு பேரும் தெருவுலல்லா நிக்கணும்? உன்னால பத்து வீட்டுல அடுப்பு அணையணுமா? ஒரு வார்த்தைதான, சொல்லிரு."

சொல்லிவிட்டாள். உள்ளே இருந்த டாக்டர், "புடவைக்கு உள்ள, இவ்ளோ வட்டமா எப்படிம்மா கொட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறார். "கஞ்சி வடிக்கசொல்லோ கொட்டிக்கிச்சு சார்" என்று இவளே ஒரு கஞ்சியையும் சேர்த்துக் கொடுத்தாள். சீட்டில் எழுதினார்கள்: வெந்நீர்க் காயம். கீழே அவள் கையெழுத்து.

ஐந்து வாரம் ஆகியும் புண் ஆறவில்லை. ஓரம் கறுத்து, நடுவில் குழி விழுந்தது. ஷைனி படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் முடிந்த மட்டும் தேடிப் படித்துப் பார்த்தேன். இத்தகைய காயம் பட்டவரின் ரத்த அணுக்களில் முறிந்து தவறாக ஒட்டிக்கொண்ட குரோமோசோம்களை எண்ணி, உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்று கணக்கிட முடியும். ஆனால் நாளாக ஆக அந்த அடையாளம் குறைந்துகொண்டே போகும். சீக்கிரம் எடுக்க வேண்டும்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபின் உயிர்தப்பியவர்களைப் பெயர் பெயராக எழுதி, அவர்கள் எங்கே நின்றார்கள் என்று கேட்டு, ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எவ்வளவு கதிருக்கு எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும் என்று இன்று உலகம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பெயர்ப் பட்டியலிலிருந்து வந்ததுதான். இங்கே பட்டியல் நாலு பேரோடு முடிந்தது. பத்து வருடம் கழித்துத் தங்கபுஷ்பத்துக்கு ரத்தப் புற்று வந்தால் அது அவள் தலையெழுத்து, அல்லது மணலிக் காற்று, அல்லது வெற்றிலை. யாருக்கும் எந்தப் பொறுப்பும் கிடையாது. நலமாக இருப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறதா?

அக்காவும் ஷைனியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இளம் பெண் டாக்டர். புண்ணைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"இது வெந்நீர் இல்லம்மா."

"இல்ல."

"ஆனா நீங்களே சொல்லியிருக்கீங்களே. கையெழுத்து வேற."

"சொல்லச் சொன்னாங்கோ, சொன்னேன். இப்ப இல்லன்றேன். அத்த எழுது."

டாக்டர் எழுதினார். புண்ணுக்கு மருந்தும் கட்டினார். ஆனால் அந்தக் குரோமோசோம் பரிசோதனை அவர் கையில் இல்லை. அதைச் செய்கிற ஆய்வகம், சம்பவ விசாரணைப் பட்டியலில் இருப்பவர்களின் ரத்தத்தைத்தான் வாங்கும். பட்டியலைத் தந்தது கிடங்கு. "விசாரணை அதிகாரி உங்க பேரைச் சேர்த்தா போதும். வியாழக்கிழமை புதுநகர் ஸ்கூல்ல விழிப்புணர்வு முகாம் வச்சிருக்காங்க. அவரு வருவாரு. போய்ப் பாருங்க" என்றவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மத்தவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களும்தானே பிடிச்சாங்க?"

புதன்கிழமை அக்கா தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போனாள். தங்கபுஷ்பம் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நாளைக்கு வா. பேர எய்தி ரத்தம் குடுத்துட்டு வந்துர்லாம்."

"என் பொண்ணுக்கு வர்ற மாசம் நிச்சயம், தெரியுமில்ல? இப்பவே தெருவுல பேசிகினு கீறாங்கோ. அந்தக் கிடங்குல வேல செஞ்ச பொம்பளைங்க வூட்ல பொண்ணு எடுத்தா புள்ள கொறையா பொறக்குமாம்."

"உன் பொண்ணு பொறந்து இருவத்திமூணு வருசம் ஆச்சுமே! துண்டு வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. இது கூடவா தெரியாது?"

"எனுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? சம்பந்திக்கு நீ போய் கிளாஸ் எடுக்கிறியா? மேரி, சொல்லிட்டேன். என் பேரு உன் வாயில வந்துச்சி, அப்பால நானும் நீயும் இல்ல."

கதவு சாத்திக்கொண்டது. மீதி ஒன்பது வீடுகளிலும் அதே பதில். ஒரு வீட்டில் மட்டும் டீ கொடுத்துச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் அக்காவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பின்வரிசையில் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முகாமுக்குக் கூட்டம் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு. சுப்புராஜ் வேனில் ஏற்றிவந்திருக்கிறார். கையில் ஆளுக்கொரு தக்காளிச் சாதப் பொட்டலம். அச்சப்படத் தேவையில்லாத பொதுமக்கள் இவர்கள்தான்!

அதிகாரி நல்ல தமிழில் பேசினார். திரையில் படம் காட்டினார். கதிர்வீச்சு எங்கும் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது, விமானத்தில் போனால் இருக்கிறது. "ஒரு வாழைப்பழத்தில்கூட இருக்கிறது. அதற்காக வாழைப்பழத்தைப் பார்த்துப் பயப்படுவோமா?" சிலர் சிரித்தார்கள்.

அக்கா எழுந்தாள்.

"சார். வாயப்பயத்த இடுப்புல கட்டிகினா தோலு உரியுமா சார்?"

"என்னம்மா?"

"கேக்குறேன். பதினோரு நாளு கட்டிகினேன். வாயப்பயம் இல்ல, உன் துண்டு. ரெண்டு மாசமா புண்ணு ஆறல. படத்துல காட்றியே, அதுல இது எங்க கீது?"

சுப்புராஜ் வேகமாக வந்தார். "சார், அந்த அம்மாக்கு வெந்நீ கொட்டிட்டு. சீட்டு இருக்கு சார். ஏ மேரி, உக்காரு தாயி."

"நீ தள்ளு, மேஸ்திரி. பொய் சொல்லச் சொன்னது நீ. சொன்னது நானு. என் பொய்ய நான் எட்த்துக்கிறேன், உன்த நீ வச்சிக்கோ. சார், எய்திக்கோ. அடைக்கலமேரி. நாப்பத்தாறு வயசு. வெந்நீ கெடையாது."

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பணியாளர் பட்டியல்ல நீங்க இல்லையேம்மா."

"அதான் சார் சொல்றேன். இல்லாத ஆளுக்கு இம்மாம் பெரிய புண்ணு எப்டி வந்துச்சி? காட்டட்டா?" இடுப்பில் கை வைத்துவிட்டாள். ஆசிரியை ஒருத்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூடம் முழுக்கச் சத்தமாகிவிட்டது. அதிகாரி கையமர்த்தி, இந்த முறை மெதுவாகக் கேட்டார். "சரி. எழுதிக்கறேன். வேற யாராவது தொட்டாங்களா?"

அக்கா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். பத்துப் பேரும் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் தலை தூக்கி, கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

பிறகு இதைச் சொன்னபோது அக்கா என்னிடம் கேட்டாள். "அந்தத் துண்டக் கண்டுபுடிச்சது நான்தானே ஜோ. என் கையிலேர்ந்துதானே எல்லாம் வாங்கினாளுங்க. நான் வாய மூடிகினு என் ரத்தத்த மட்டும் குடுத்துட்டு வந்தா, நான் யாரு? நானும் ஒரு மேஸ்திரிதானே?"

பெயர்களைச் சொன்னாள். ஒவ்வொன்றாக, இனிஷியலோடு, தெருவோடு, பத்துப் பெயரையும். முதல் பெயர் தங்கபுஷ்பம். அதிகாரி எழுத எழுத, பின்வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ஒருத்தி பொட்டலத்தைக் கீழே எறிந்தாள். சுப்புராஜ் சுவரோரம் போய் நின்று யாருக்கோ போன் போட்டார்.

பள்ளிக்கூட வாசலில் சண்டை. தங்கபுஷ்பம் இடது கையால் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நாசமாப் பூடுவ! என் பொண்ணு கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டியே, கஸ்மாலம்! உன்ன யார்மே கேட்டா?"

"யாரும் கேக்கலன்னுதான்மே சொன்னேன்! யாராவது ஒரு நாய் வந்து நம்பளக் கேட்டிருந்தா நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கப் போறேன்?"

அன்று மாலையே அக்காவின் வேலை போயிற்று. மறுநாள் கிடங்குக்கும் சீல் வைத்தார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் வேலை போயிற்று. சுப்புராஜ் சொன்னபடியே நடந்தது, அதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் அக்காவுக்கு யாரும் இடம் விடவில்லை. ஷைனியைக்கூட ஒருத்தி திட்டியிருக்கிறாள். "ஊரவுட்டு வந்துரு அக்கா" என்றேன், பயத்தில். "வந்து? உன் வூட்ல பனிய பாத்துகினு குந்திகினு கீறதா? போ ஜோ, பேஜார் பண்ணாத."

ரத்தம் எடுக்க அடுத்த செவ்வாய்க்கிழமை நாள் கொடுத்தார்கள். பதினொரு பெயருக்கும் கடிதம் போயிற்று. வராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று கடைசி வரி. எட்டு மணிக்கு வரச் சொன்னதற்கு அக்கா ஏழரைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தாள். ஒன்பது ஆனது. யாரும் வரவில்லை. அவளைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். பஞ்சை அழுத்திக்கொண்டு மறுபடி அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

ஒன்பதேகாலுக்கு இரண்டு பேர் வந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பத்து மணிக்குள் இன்னும் நாலு பேர். ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. ஒருத்தி மட்டும், "கிடங்கும் பூட்ச்சி, இனிமே இன்னா இருக்கு பயப்பட" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பத்தரைக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். அந்தச் சூட்டிலும் முந்தானையை வலது கையில் சுற்றியிருந்தாள். அக்காவுக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத."

"யாரு கேட்டா உன் மன்னிப்ப?"

"சம்பந்தி வூட்டுக்கு லெட்டர் விசயம் தெரிஞ்சி போச்சு. டாக்டர் கையெழுத்து போட்டுக் குடுத்தா பாப்போம்னு சொல்லிகினு கீறாங்கோ. அதுக்குத்தான் வந்தேன்."

"வந்தியில்ல. செரி. கையில இன்னா சுத்திகினு கீற?"

"ஒண்ணுமில்ல."

அக்கா எழுந்துபோய் அந்த இடைவெளியில் உட்கார்ந்து, முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் நுனியில் கறுத்துப்போயிருந்தன. நகங்கள் இல்லை. ஆள்காட்டி விரல் மழைக்காலத்து மரப்பட்டைபோல வெடித்திருந்தது. மாதிரியை அரை நாள் திருப்பித் தராமல் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள்.

"எத்தினி நாளா?"

தங்கபுஷ்பம் முந்தானையை மறுபடி இழுத்துச் சுற்றப் பார்த்தாள்.

"எத்தினி நாளாமே? கேக்குறேன் இல்ல?"

"பொங்கலுக்கு அப்பால கொஞ்ச நாள்லேர்ந்து. சோறு பெசைய முடியல. வூட்ல அரிவாமண அறுத்துச்சின்னு சொல்லிகினு கீறேன்."

"நானு கஞ்சி. நீ அரிவாமண. நல்லா கீதுமே நம்ம கத, நல்லா கீது!" அக்கா எழுந்துவிட்டாள். தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறையை நோக்கி நடந்தாள்.

"டோக்கன் எடுத்துட்டு வரிசையில வாங்கம்மா," என்று நர்ஸ் மறித்தாள்.

"வரிசயா? ரெண்டு மாசமா எங்கள வரிசயிலயே சேக்கல தாயே, இப்ப வந்து டோக்கன் கேக்குற. தள்ளிக்கோ."

கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு இருவரும் உள்ளே போனார்கள்.